பாலைக்குப் போகுமுன் செலவைக் கணக்குப் பார்ப்போம்

(வருசநாட்டுப் பகுதிச் சபைகளின் குடும்பக் கூடுகையில், எங்கள் மருத்துவமனைச் சுகாதாரக் குழுவின் சார்பாக ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத ஆதரவாளர்களுக்காக இங்கு அச்சிடுகிறோம்.)



எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர், காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் மருந்து வாங்கிய பிறகும் எழுந்து போவதில்லை. சிறிது நேரம் தயங்கி நின்று, "அய்யா, மகனுக்குச் சவுதியில் வேலை இருக்கிறதாம். ஏஜெண்டு பணம் கேட்கிறார். அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். "சிஸ்டர், என் மகள் நர்சிங் முடித்துவிட்டாள். குவைத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்கும் தாய்மார்களும் உண்டு. மருத்துவமனையில் கேட்கும் கேள்வியா இது என்று நாங்கள் அவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. ஏனெனில் போகிறவருடைய உடம்பும், வீட்டில் இருப்பவர்களுடைய மன நிம்மதியும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றன. ஆகவே இன்று மருந்தைப் பற்றிக் குறைவாகவும், பாலைவனத்துக்குப் போவதைப் பற்றி அதிகமாகவும் பேச விரும்புகிறோம்.

போவது பாவம் என்றோ, போகாமல் இருப்பதே பக்தி என்றோ நாங்கள் சொல்ல வரவில்லை. பஞ்ச காலத்தில் எலிமெலேக்கு தன் மனைவி நகோமியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பெத்லெகேமை விட்டு மோவாபுக்குப் போனார். பிழைக்கப் போனதற்காக அவரை வேதம் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டார். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.

ஏன் போகிறார்கள்?

நம்முடைய மண்ணைப் பாருங்கள். வைகை நம் மலைகளில்தான் பிறக்கிறது. ஆனால் 1959ல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர் கீழே மதுரைச் சீமைக்குப் போகிறது. 1895ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைய வைக்கிறது. அந்தத் தண்ணீரும் நம் பக்கம் வருவதில்லை. மேற்கு மலை மழையைத் தடுத்துக்கொள்ள, நாம் வானத்தையும் கிணற்றையும் நம்பி இருக்கிறோம். இலவம் பஞ்சும் முந்திரியும் புளியும் ஒரு வருஷம் கொடுக்கும், மறு வருஷம் கைவிடும். மழை பொய்த்த வருஷத்தில் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம், அல்லது திருப்பூருக்குப் போகிறோம். ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது நமக்குப் புதிதல்ல. தூரம்தான் கூடியிருக்கிறது.

நாம் தனியாகவும் இல்லை. 2015ல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு புலம்பெயர்வோர் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலிருந்து சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களில் பெரும் பங்கு வளைகுடா நாடுகளில்.

நன்மைகளை முதலில் சொல்வோம்

நல்ல கம்பெனியும் ஒழுங்கான விசாவும் கிடைத்தால் மாதச் சம்பளம் தவறாமல் வரும். மழை பெய்ததா என்று பார்த்துக் கூலி வருவதில்லை. அந்தச் சம்பளத்தில் ஓட்டு வீடு காரை வீடாகியிருக்கிறது. தங்கைகள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். அடகு போன நிலம் திரும்பியிருக்கிறது. தொழில் கற்றுக்கொண்டு வந்து, ஊரிலேயே மின்சார வேலையும் வெல்டிங் பட்டறையும் நடத்துகிறவர்களும் உண்டு. இதையெல்லாம் மறைத்துப் பேசினால் வாலிபர்கள் எங்களை நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டியதில்லை.

செவிலியர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அந்த மணல் தேசங்களில் மருத்துவ ஊழியத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. நம் வேலூருக்கு ஸ்கடர் குடும்பத்தாரை அனுப்பிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபையே பஹ்ரைனிலும் மிஷன் மருத்துவமனையை நடத்தியது. 1903ல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது. 1960ல் டாக்டர் பாட் கென்னடி, டாக்டர் மரியன் கென்னடி தம்பதியர் பாலைவனச் சோலையாகிய அல் ஐனில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நம் நாட்டுப் பெண் பிள்ளைகள் அங்கே போய் நோயாளியைத் தொட்டுத் தூக்குவது வெறும் சம்பளத்துக்கான வேலை அல்ல என்பதை நாம் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி இழப்புகள்

முதலாவது, வெயில். நமக்கு வெயில் தெரியாதா என்று தம்பிமார் சிரிக்கிறார்கள். குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. நம் ஊரில் 40ஐத் தொட்டாலே ஆடுகளை நிழலுக்கு ஓட்டுகிறோம். பாலையின் வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடும். உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்பது தெரியவே தெரியாது. கடலோர நகரங்களில் இதற்கு நேர்மாறு. காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை காயாது, உடம்பு குளிராது. இரண்டுமே ஆபத்துதான். வெப்பத்தாக்கில் விழுகிறவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். உடம்பு பழக ஒன்று இரண்டு வாரங்கள் வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் கால் மணி அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் போதாமல் வருஷக்கணக்கில் வெயிலில் உழைத்தால் சிறுநீரகத்தில் கல் சேரும். சிறுநீரகமே பழுதாகவும் கூடும். வளைகுடாவிலிருந்து திரும்பிய நேபாளத்து வாலிபர்கள் பலர் டயாலிசிஸுக்கு வந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கோடையில் நண்பகல் வேலைக்குத் தடை உண்டு. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய 11 முதல் 4 மணி வரை. இந்தச் சட்டத்தை அறிந்து போகிறவனுக்குக் கேட்க ஒரு வாயாவது இருக்கும்.

இரண்டாவது, தனிமையும் பிடியும். அங்கே வேலை கொடுப்பவர் பெயரில்தான் விசா. அவரை விட்டு வேறு இடம் போவது நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. கத்தார் 2020லும் சவுதி 2021லும் இந்த விதியைத் தளர்த்தின. ஆனால் அந்தச் சவுதித் திருத்தத்தில் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் சேர்க்கப்படவில்லை. "நீ ஆடு மேய்த்தவன்தானே, அங்கேயும் அதே வேலைதான்" என்று நம் பிள்ளைகளிடம் ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். அதே வேலை அல்ல. பென்யாமின் 2008ல் மலையாளத்தில் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவல் 2024ல் படமாக வந்தது. பார்த்தவர்களுக்கு நாங்கள் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் மலையில் ஆட்டுக்காரனுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மனுஷன் இருப்பான்.

தங்குமிடமும் அப்படியே. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து, 7 தமிழர் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர் இறந்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற நாம், ஓர் அறையில் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் இருப்பவர்கள். கணவன் இல்லாத வீட்டில் கடன்காரருக்குப் பதில் சொல்கிறவள் மனைவி. மாமியாருக்குச் சர்க்கரை ஏறினால் நடு இரவில் ஆட்டோ தேடுகிறவளும் அவளே. தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும் எங்களிடம் வருகிற சகோதரிகளில் பலருக்கு மாத்திரையைவிட, உட்கார்ந்து கேட்க ஒரு ஆள்தான் தேவைப்படுகிறது. சபை இந்த இடத்தில் வெறுமனே நிற்கக் கூடாது.

கடன்தான் தராசின் முள்

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறோம். வெயிலும் தனிமையும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒருவனுக்குப் பயணம் ஆசீர்வாதமாவதும் இன்னொருவனுக்கு அடிமைத்தனமாவதும் எதனால்? புறப்படும்போது அவன் தலையில் இருந்த கடனால்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு தம்பிக்கு மாதம் 25,000 ரூபாய்க்குச் சமமான சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு 5,000, போனுக்கும் சில்லறைக்கும் 1,500. ஏஜெண்டுக்காக ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டி 4,500. மிச்சம் 14,000. இரண்டு வருஷத்தில் 3,36,000. அதில் அசல் ஒன்றரை லட்சத்தைக் கழித்தால் 1,86,000. அதாவது மாதத்துக்கு 7,750. இதற்காகவா இரண்டு வருஷம் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது?

அதே தம்பி, சட்டம் அனுமதித்த கட்டணத்தை மட்டும் தன் சேமிப்பிலிருந்து கட்டிப் போகிறான் என்று வையுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய். வரியோடு 35,400. அவனுக்கு மாதம் 18,500 மிஞ்சும். இரண்டு வருஷத்தில், கட்டணம் போக, 4,08,600. ஆள் ஒன்று, வெயில் ஒன்று, சம்பளம் ஒன்று. மிச்சம் மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல்.

பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உண்டு. கடன் இல்லாதவன், வேலை சொன்னபடி இல்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். கடன்பட்டவன் வர முடியாது. சம்பளம் பாதி என்றாலும், உடம்பு முடியவில்லை என்றாலும் நிற்பான். நகோமி வெறுமையாய்த் திரும்பினாள். ஆனாலும் திரும்ப முடிந்தது. ஊரில் அவளை ஏற்க உறவு இருந்தது. எங்கள் முடிவு இதுதான்: வட்டிக்கு வாங்கித்தான் போக முடியும் என்றால் இப்போது போக வேண்டாம். ஒரு வருஷம் பொறுங்கள்.

போவதென்று தீர்மானித்தால்

ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்குமுன் எங்களிடம் வந்து மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வளைகுடா நாடுகள் அங்கீகரித்த மையத்தில் எடுக்கும் பரிசோதனைதான் விசாவுக்குச் செல்லும். எங்களுடையது அதற்கு ஈடாகாது. ஆனால் பழைய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே "தகுதியில்லை" என்று தள்ளிவிடுவது உண்டு. மாட்டை விற்றபின் அதை அறிவதைவிட, முன்னால் அறிவது நல்லது.

விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். 'ஃப்ரீ விசா' என்று சொல்வதை நம்பாதீர்கள். ஏஜெண்டு 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வேலைக்காக வளைகுடா போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். இதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம், அது ஒரு வேலி. வளைகுடாவுக்குச் செவிலியரைத் தெரிந்தெடுக்க அரசு நிறுவனங்களுக்கே அனுமதி என்று 2015ல் விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1978 முதல் நடக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கிடைக்கும்.

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மார்களே, மசாலாப் பொட்டலத்தில் கசகசாவைப் போட்டு அனுப்பாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

சபையாருக்கு ஒரு வார்த்தை. வட்டிக்கு விடுகிறவர் முன்னால் ஒரு வாலிபன் போய் நிற்குமுன், நம் சங்கமும் சேமிப்புக் குழுவும் அவன் முன்னால் போய் நிற்கட்டும். இந்த இதழின் ஆதரவாளர்களில் சிலர் அந்த மணலில் உழைத்து, அங்கிருந்தே காணிக்கை அனுப்புகிறீர்கள். உங்கள் நாட்டுக்குப் புதிதாக வரும் ஒரு தம்பிக்கு முதல் வாரத்தில் ஒரு போன் செய்து, தண்ணீர் குடித்தாயா என்று கேளுங்கள். அதுவும் மருத்துவ ஊழியம்தான்.

போகிறவர்களைக் கர்த்தர் காப்பாராக. போகாமல் இந்த மானாவாரி மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பவர்களையும் அவர் காப்பாராக. கேள்வி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டு கொடுத்த காகிதத்தையும் மறவாமல் கொண்டுவாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.