பழசானாலும் நம்ம வண்டி!

இளங்குடும்பத்துக்கு முதல் கார் புதுசா, பழசா? பழசே போதும் என்பது எங்கள் அணி!

"அடுத்தவன் தலைவலியைக் காசு கொடுத்து வாங்கலாமா?"ன்னு எதிரணித் தம்பி கேட்டார். தம்பி, மாப்பிள்ளை பார்க்கப் போனா சட்டையையா பார்க்கிறோம்? குணத்தைத்தானே! (சிரிப்பு)

வண்டிக்குக் குணம் பிரேக். காரவள்ளியிலிருந்து நம்ம மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. முதல்ல அடிவாரத்திலேயே மெக்கானிக்கை வெச்சு பிரேக்கைக் கழற்றிப் பாருங்க. தேறினா மலை ஏத்துங்க. எஞ்சின் கொதிக்குதான்னு தெரிஞ்சுடும். இறங்கும்போது சின்ன கியர். பிரேக்கையே மிதிச்சு வந்தா, சூடேறிப் பிடிப்பு போயிடும்.

அடுத்தது ஜாதகம், அதாவது ஆர்.சி. புத்தகம். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் சோதனை பண்ணி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். மிச்சம் எத்தனை வருஷம்னு பார்த்து விலை பேசுங்க. கடன் பாக்கியிருந்தா, வங்கிச் சான்று வராம முன்பணம் கொடுக்காதீங்க. காப்பீட்டை 14 நாளுக்குள், பெயரை 30 நாளுக்குள் மாத்த எழுதிக் கொடுங்க.

புது வண்டி வாங்கி, தவணை கட்டிட்டு, பெட்ரோலுக்குக் காசில்லாம பஸ்ஸுக்கு நிக்கணுமா? (கைதட்டல்)

நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா, மலையிலே பஸ் வராது. வாசல்ல நிக்கிற வண்டி புதுசான்னு காய்ச்சல் கேக்காது. கிளம்புமா, பத்திரமா இறங்குமா, அதுதான் கேள்வி. பார்த்து வாங்கின பழைய வண்டி இறங்கும். நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவரே!