நாவறியா நஞ்சு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், தருமபுரி மாவட்டக் கிளையார் விருப்பிற்கிணங்க நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் யானும் சில கூறுதல் வேண்டுமென்று நம் செயலாளர் பணித்தனர். தமிழாசிரியனாகலின் இலக்கியத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், வருகின்ற கோடைக்கு முன் மூன்று ஊர்களில் ஆழ்துளைக் கிணறு அமைத்து அறஞ்செய்வதென நம் சங்கத்தார் தீர்மானித்துள்ள செய்தியைச் சென்ற மாத இதழிற் கண்டேன். கண்டு மகிழ்ந்தேன், மகிழ்ச்சியினூடே ஓர் அச்சமும் தோன்றிற்று. அவ்வச்சத்தை இவ்வவையில் எடுத்துரைத்தலே என் கருத்து.

நீரின் இயல்பு கூறும் சொற்கள் நம் மொழியில் பலவுள. நன்னீர், உவர்நீர், சவர்நீர், கலங்கல் என்றின்னோரன்னவை யாவும் நாவும் கண்ணும் அறிந்து இட்ட பெயர்கள். புளோரைடு மிகுந்த நீருக்கோ அங்ஙனம் ஒரு பெயர் நம் முன்னோர் இட்டிலர், இடுதற்கும் இயலாது. அந்நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும், மணமில்லை, அப்பொருளால் சுவையும் வேறுபடாது. காய்ச்சிக் குடித்தால் தீங்கில்லை என்பார் உளர். காய்ச்சுதலால் நோய்க்கிருமிகள் மடியும் என்பது மெய்யே. புளோரைடோ நீர் ஆவியாய்க் குறையக் குறைய எஞ்சியதிற் செறிந்து நிற்கும்.

இப்பொருள் யாண்டிருந்து வருகின்றது? நம் மாவட்டத்தின் நிலத்தடியிலுள்ள கருங்கற் பாறைகளில் புளோரின் கலந்த கனிமங்கள் உள்ளன. மழைநீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்குங்கால் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கின்றது. ஆதலின் ஆழத்து நீரில் இது மிகுதல் இயல்பு. மழைநீர் தேங்கும் ஊருணியில் இக்குற்றம் பெரும்பாலும் இல்லை. அதனால் பண்டைய நீர்நிலைகள் யாவும் தூயவை என்று யான் கூறவந்தேனல்லேன். நரம்புச் சிலந்தி நோய் படிக்கிணறுகளாலும் குளங்களாலும் பரவியதன்றோ? இந்நாட்டில் அந்நோய் 1996-ஆம் ஆண்டோடு ஒழிந்தமைக்குக் கைப்பம்புகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருந்துணை புரிந்தன. ஒரு தீங்கை விலக்கிய கருவி, பாறை நிலத்தில் மற்றொரு தீங்கை மேலே கொணர்ந்தது என்பதே உண்மை.

உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நம் நாட்டுத் தர அளவு 1 மில்லிகிராமே. வேறு நீர் கிடையாவிடத்து மட்டும் 1.5 வரை பொறுக்கலாம் என்பது விதி. அதனின் மிக்க நீரைப் பருகும் குழவிகளுக்குப் பற்கள் ஈறினுள் உருவாகும்போதே பழுதுறுகின்றன. ஏறக்குறைய எட்டு வயதிற்குள் நேர்ந்துவிடும் அக்கறையை எப்பற்பொடியும் போக்காது. என் வகுப்பில் செய்யுளைப் பிழையின்றி ஒப்பிக்கும் பெண்பிள்ளைகள், நகைக்க நேர்ந்தால் கையால் வாயை மூடிக்கொள்கின்றனர். அது நாணமென்று புறத்தார் கருதுவர். பற்கறையை அடுத்து வருவது எலும்பு நோய். மிகுந்த அளவைப் பல்லாண்டு பருகியவர்க்குக் கழுத்தும் முதுகெலும்பும் முழங்காலும் இறுகிக் குனியவும் நிமிரவும் இயலாமற் போகும். அந்நிலையை மாற்றும் மருந்து இல்லை.

இந்தியாவில் இந்நோயை முதன்முதல் ஆராய்ந்து வெளியிட்டோர், சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தைச் சார்ந்த ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி என்னும் மூவர். (இவருள் பண்டிட் என்பார் எம்போன்ற பண்டிதரல்லர், மருத்துவ ஆராய்ச்சியாளர்.) நெல்லூர் மாவட்டத்து மக்களிடைக் கண்ட இந்நோயைப்பற்றி 1937-இல் அவர்கள் எழுதினர்.

அதற்கு முன்னரே அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறல் வேண்டும். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்பது ஒரு சிற்றூர். அவ்வூரார் ஐந்து மைல் தொலைவிலிருந்த வெதுவெதுப்பான ஊற்றிலிருந்து குழாய் இட்டு நீர் கொணர்ந்தனர். அதன்பின் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தோன்றுவதைத் தாய்மார் கண்டனர். 1923-இல் பிரடெரிக் மக்கே என்னும் பல் மருத்துவர் ஆங்குச் சென்றார். நீரிலுள்ள குற்றம் இன்னதென்று அவர் அந்நாளில் அறியார். சர்ச்சில் என்னும் வேதியியலார் அதனைப் புளோரைடு என்று கண்டது 1931-இல்தான். எனினும் அக்குழாயை விட்டு வேறோர் ஊற்றைக் கொள்க என்று மக்கே கூற, ஊரார் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் இளம்பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. தாம் அரிதின் இட்ட குழாயைத் தாமே கைவிட ஒருப்பட்டனரே, அவ்வூராரின் அந்த மனத்தை யான் பெரிதும் மதிக்கின்றேன்.

நம் மாவட்டத்திற்கும் வேற்றுநீர் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பானியக் கடனுதவியால் நிறைவெய்தி, 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் திட்டம் காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொணர்கின்றது. ஆற்றுநீர் குறைந்த நாளில் ஆழ்கிணற்று நீரை அதனொடு கலப்பின் யாதாகும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஆற்றுநீரில் அரை மில்லிகிராமும் கிணற்றுநீரில் மூன்று மில்லிகிராமும் உளவெனக் கொள்வோம். இரண்டு குடம் ஆற்றுநீரொடு ஒரு குடம் கிணற்றுநீர் சேர்ப்பின் 1.3 ஆகும், எல்லைக்குள் அடங்கும். ஒரு குடம் ஆற்றுநீரொடு இரண்டு குடம் கிணற்றுநீர் சேர்ப்பின் இரண்டிற்கு மேற்படும். தொட்டியைத் திறப்பவர் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டாமா?

வேற்றுநீர் கிடையாத ஊர்க்கு நீக்கும் முறைகள் உள. நாகபுரிச் சுற்றுச்சூழற் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தது நல்கொண்டா முறை எனப்படும். நீரில் படிகாரமும், அதன் இருபதில் ஒரு பங்களவு சுண்ணாம்பும், கிருமி போக்கச் சலவைத்தூளும் இட்டு மெல்லக் கலக்கினால், பஞ்சுபோன்ற திரள் தோன்றிப் புளோரைடைப் பற்றிக்கொண்டு அடியிற் படியும். ஒரு மணி நேரம் தெளியவைத்து இறுத்துக்கொள்ளலாம். படிகாரத்தின் அளவு நீர்க்கு நீர் வேறுபடும். மிகின் அலுமினியம் நீரிலேயே தங்கும். அடியில் நின்ற வண்டலைக் கிணற்றருகே கொட்டினால், எடுத்த நஞ்சை மீள இட்டவராவோம். செயலூட்டிய அலுமினா என்னும் மணிகளின் வழியே நீரை வடித்தல் மற்றொரு முறை. சவ்வின் வழியே அழுத்தி வடித்தலும் உண்டு. ஆங்கு ஒதுக்கப்படும் நீரில் புளோரைடு செறிந்திருக்குமாதலின் அது செல்லுமிடத்தைப் பார்த்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் என்னை அஞ்சுவிப்பது ஒன்றுண்டு. பம்பு பழுதாயின் நீர் வாராது. ஊரே கூடிக் கூக்குரலிடும். அலுமினா மணிகள் புளோரைடால் நிறைந்து வலிவிழந்தாலோ, நீர் முன்போலவே தெளிவாக ஒழுகும். எரிகாரமும் பின்னர் அமிலமும் கொண்டு அவற்றைப் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பியாவிடினும் குடிப்பவர் அறியார். மாலையிட்டுத் திறந்த கருவி உள்ளே உயிரற்றதாய் நிற்க, தாய்மார் அதனை நம்பிக் குழவிகளுக்கு ஊட்டுவர். கருவியில்லாத ஊரில் ஐயமேனும் இருக்கும். ஈண்டு அதுவும் இல்லை.

ஆதலின் சங்கத்தாரை யான் வேண்டுவது: கிணறு தோண்டியவுடன் பெயர்ப்பலகை நாட்டற்க. முதலில் நீரைக் கண்ணாடிக் குப்பியிலன்றிப் பிளாஸ்டிக் குப்பியில் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திற்கு அனுப்புக. அளவு மிகின் அக்கிணற்றைத் துணி துவைக்கவும் ஆடுமாடு கழுவவும் மட்டும் விடுக. நீக்குங் கருவி அமைப்பதாயின், அமைக்கும் செலவைப்போன்றே காக்கும் செலவையும், அதற்கொரு தக்காரின் சம்பளத்தையும் ஐந்தாண்டுக்கு ஒதுக்கி வைத்தபின் தொடங்குக. இயலாதெனின் தொடங்காமை நன்று.

இன்னுமொன்று, சிலர் மனம் நோவினும் கூறுவேன். கிணறு நம் தெருவில் அமைதல் வேண்டுமென்று ஒரு கிளையார் எழுதியுள்ளனர். பாறை தெருப் பார்த்துப் பிளவுபட்டதன்று. நல்ல நீர் எத்தெருவில் கிடைப்பினும் ஆங்கே அமைத்து, அனைவரும் முகந்துகொள்ள விடுதலே முறை. ஊருணி என்னும் சொல்லில் ஊரன்றோ முன் நிற்கின்றது!

சோதனைக்கு ஆளில்லை என்று பொருளாளர் கவலுதல் வேண்டா. சிர்க்கோனியமும் அலிசரினும் சேர்ந்த சாயநீரைச் சில துளி விட்டால், புளோரைடு மிக மிகச் செந்நிறம் மஞ்சளாக மாறும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குறிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் எளிதிற் செய்வர். மாதந்தோறும் முதல் வெள்ளியன்று மூன்று ஊர்க் கிணற்றுநீரையும் சோதித்து, கண்ட எண்ணைத் தொட்டிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதும் பொறுப்பை எம் பள்ளி மாணவர் ஏற்க முன்வந்துள்ளனர். சாயநீர்க் குப்பிக்கு வேண்டிய சிறுதொகையை இக்கூட்டத்திலேயே ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன்.