இரணைமடுக் குளமும் இரண்டு அடி உயரமும்



டென்மார்க்கில் நாம் அருந்தும் குழாய்நீர் நிலத்தடியிலிருந்து பெறப்படுவது. குடேனோ ஆற்றை மறித்து உருவான தங்கே ஏரியே இந்நாட்டின் மிகப்பெரிய செயற்கை ஏரி, அதுவும் மின்னுற்பத்திக்கானது. எனவே, ஒரு குளக்கட்டை இரண்டு அடி உயர்த்தியது தாயகத்தில் ஏன் பிணக்கானது என்று இங்கு வளரும் பிள்ளைகள் வினவுவது இயல்பே.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் பணி 1902இல் தொடங்கியது. பின்னர் அதன் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. இறுதியாக 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, 2018 டிசம்பர் 7 அன்று திறந்துவைக்கப்பட்டது. கொள்ளளவு சுமார் 131 மில்லியன் கன மீற்றரிலிருந்து 148 மில்லியனாயிற்று. குளம் மேலே செல்லச் செல்ல அகலும். ஆதலால் இரண்டே அடியில் இவ்வளவு நீர் கூடுகிறது. அந்த அகன்ற பரப்பிலிருந்து வெயில் உறிஞ்சுவதும் கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிணக்கு நீரைப் பகிர்வதிலேயே எழுந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் வழங்க இசைந்த திட்டம், நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரை யாழ். குடாநாட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணியது. வற்றாத ஆறுகளற்ற, சுண்ணாம்புக்கல் நிலமான குடாநாட்டின் கிணறுகள் உவராவது மெய்யான துயரம். ஆனால் கிளிநொச்சிக் கமக்காரர், சிறுபோகத்தில் தம் வயல்களிற் பெரும்பகுதிக்கே நீர் எட்டாத நிலையில் எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டனர். கட்டை உயர்த்தலாம், மாரிமழையை உயர்த்த இயலாது. அவர்களைத் தன்னலக்காரர் என்று புலம்பெயர் மேடைகளில் சிலர் பழித்தது எனக்கு உடன்பாடன்று. ஈற்றில் குடாநாட்டுக்கெனத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

மிகை நீருக்கும் மறுபக்கம் உண்டு. திறப்புவிழா முடிந்து இரண்டு வாரங்களில் பெருமழை கொட்டியது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகளை உரிய வேளையில் திறந்தார்களா என்ற கேள்வி எழுந்தது. நிறைந்த குளத்தைக் காப்பவர், மழைக்கு முன்னரே எவ்வளவு நீரை வெளியேற்றுவது என்று முடிவெடுக்க வேண்டியவர். வெளியேற்றிய பின் மழை பொய்த்தால் வயல் காயும்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஊர் செல்வதால் குளத்தின் வற்றிய கோலத்தையே காண்கின்றனர். வாய்ப்பிருந்தால் ஒருமுறை மார்கழியில் அழைத்துச் செல்லுங்கள். கட்டின்மேல் நிறுத்தி, அங்குள்ள கமக்காரர் ஒருவருடன் அவர்களையே பேசவிடுங்கள்.