கதவில் ஒட்டிய அறிவிப்பும் கென்யாவில் விழுந்த ஒரு வரிச் சட்டமும்

உள்ளாட்சிப் பணியாளர்களும் புதிய வார்டு உறுப்பினர்களும் கலந்துகொண்ட ஒரு பயிற்சி வகுப்பில் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் இது. நடுநடுவே வந்த "வந்து", "அதாவது" எல்லாத்தையும் வெட்டிட்டேன். மற்றபடி பேசினது பேசினபடியே இருக்கு.

முதலில் என் வேலையைச் சொல்லிடறேன். நான் அறிவிப்பு எழுதுகிறவள். கிராம சபைக் கூட்டம், குறைதீர் முகாம், வரி கட்டக் கடைசி நாள் என்று நீங்கள் பார்க்கிற அறிவிப்புகள் இருக்கே, அந்த வகை. எழுதி, மேலே அனுப்பி, ஒப்புதல் வாங்கி, வெளியிட்டாச்சுன்னா என் கடமை முடிஞ்சது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஒரு லீவுக்கு அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தேன். "நேத்து கூட்டம் நடந்துச்சாமே, எனக்குத் தெரியவே தெரியாது"ன்னு அம்மாச்சி சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அறிவிப்பு ஒட்டலையோன்னு போய்ப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. ஆனால் கதவில் ஒட்டியிருந்தது. காலையில் கதவைத் திறந்து வைத்தால் அந்தத் தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். ராத்திரி கதவைச் சாத்தினால்தான் தெரியும். விதிப்படி ஒட்டியாச்சு, ஆனா யாரும் பார்க்க முடியாது.

இது ஒரு சின்ன விஷயம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். இதே மாதிரி ஒரு விஷயத்துக்காக கென்யாவில் ஒரு வரிச் சட்டத்தையே நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்தக் கதை புரிய வேண்டுமானால், அங்கே ஒரு கவுண்டி சபையின் குழு பட்ஜெட்டையும் சட்டத்தையும் எப்படிக் கையாளுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கணும்.

கென்யா 2010-இல் புதிய அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. அதன்படி நாடு 47 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் அளவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் அதைவிட அதிகம். ஒவ்வொரு கவுண்டிக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் உண்டு, தனியாக ஒரு சட்டசபையும் உண்டு. வார்டுக்கு ஓர் உறுப்பினர். ஆளுநரோ அவருடைய நிர்வாகக் குழுவில் இருப்பவர்களோ சபையின் உறுப்பினர்கள் அல்ல. செலவு செய்பவர் ஒரு பக்கம், அனுமதி கொடுப்பவர் இன்னொரு பக்கம். தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுண்டிகளுக்குப் போக வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2013 மார்ச் தேர்தலுக்குப் பிறகுதான் இந்தச் சபைகள் முதல்முறையாக உட்கார்ந்தன.

அவர்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆனால் வேலை அதற்குப் பத்து மாதம் முன்பே தொடங்கிவிடும். செப்டம்பர் 1-க்குள் ஆண்டு வளர்ச்சித் திட்டம் சபைக்கு வரணும். பிப்ரவரி 28-க்குள் நிதி உத்தி அறிக்கை வரணும். எந்தத் துறைக்கு உச்ச அளவாக எவ்வளவு என்று அதில்தான் முடிவாகிறது. சபை அதை 14 நாளில் பார்த்து முடிக்க வேண்டும். பிறகு ஏப்ரல் 30-க்குள் முழு மதிப்பீடுகள் வரும். நம்மில் பலர் பட்ஜெட் என்றால் அந்தக் கடைசிக் காகிதம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். உண்மையில் ஏப்ரலில் போய் "எங்க ஊர் மருத்துவமனைக்கு அதிகம் கொடுங்க" என்று கேட்பவர் கொஞ்சம் தாமதமாக வந்தவர்தான். ஏன் என்று சொல்றேன்.

மதிப்பீடுகள் வந்ததும் சபை நேரடியாக விவாதிப்பதில்லை. பட்ஜெட் மற்றும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவிடம் போகும். அந்தக் குழு பக்கம் பக்கமாகப் பார்க்கும், துறைப் பொறுப்பாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கும். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் கவுண்டி சபைக்கும் அதன் குழுக்களுக்கும் உண்டு. "கோப்பு கிடைக்கலை சார்" என்று சொல்லித் தப்பிக்க அங்கே சட்டம் இடம் தரவில்லை. மாற்றம் பரிந்துரைக்கும் முன், நிதிப் பொறுப்பாளரின் கருத்தையும் குழு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் குழுவின் கையும் கட்டப்பட்டிருக்கு. ஒரு துறைக்குக் கூட்டினால் இன்னொரு துறையில் அதே அளவு குறைக்கணும். அதுவும் ஒரு துறையின் உச்ச அளவில் 1 சதவீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சுகாதாரத்துக்கு 100 கோடி ஷில்லிங் என்று பிப்ரவரி அறிக்கையில் முடிவாகிவிட்டது என்றால், குழு எவ்வளவு போராடினாலும் 1 கோடி வரைதான் நகர்த்தலாம். அந்த 1 கோடியும் சாலையிலிருந்தோ விவசாயத்திலிருந்தோதான் வரணும். குழு அறையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினரை நினைச்சுப் பாருங்க. அவர் ஊர் மருந்தகத்துக்குக் கூரை போட, பக்கத்து வார்டு உறுப்பினரின் சாலையில் கை வைக்கணும். அந்த உறுப்பினர் எதிர்நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். இதனால்தான் ஏப்ரலைவிட பிப்ரவரி முக்கியம் என்கிறேன்.

இன்னும் இரண்டு வரம்புகள் இருக்கு. நடுத்தரக் கால அளவில் குறைந்தது 30 சதவீதம் வளர்ச்சிப் பணிகளுக்குப் போகணும். சம்பளச் செலவு வருவாயில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்பது உள்ளாட்சியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தெரியவேண்டியதில்லை.

ஜூன் 30-க்குள் நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறணும். நிறைவேறாவிட்டால், மதிப்பீட்டில் உள்ள தொகையில் பாதி வரை எடுக்க பட்ஜெட் கட்டுப்பாட்டாளர் என்ற தனி அதிகாரி அனுமதி தரலாம். மசோதா நிறைவேறின பிறகும் அவர் அனுமதி இல்லாமல் கவுண்டி வருவாய் நிதியிலிருந்து பணம் வெளியே வராது.

இதுவரை சொன்னது செலவுப் பக்கம். வரவுப் பக்கம் தனி மசோதா. அதுதான் நிதி மசோதா. கடை உரிமக் கட்டணம், சந்தைக் கட்டணம், வாகனம் நிறுத்தும் கட்டணம் எல்லாம் அதில்தான் வரும். ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறி 90 நாளுக்குள் இதையும் நிறைவேற்றணும். செலவை முதலில் எழுதிவிட்டு வரவை அப்புறம் யோசிப்பது நம் வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்குன்னு எனக்குத் தோணுச்சு.

இங்கேதான் பட்ஜெட்டும் சட்டமும் ஒன்றாகக் கலக்கின்றன. சட்டம் இல்லாமல் வரியோ உரிமக் கட்டணமோ விதிக்கக் கூடாது என்று கென்ய அரசியலமைப்பின் 210-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, நிதி மசோதா சட்டமாக நிற்கவில்லை என்றால் அந்தக் கட்டணத்தை வசூலிக்க அடிப்படையே இல்லை. குழு சரிபார்க்க வேண்டியது கணக்கு கூட்டினால் சரியாக வருகிறதா என்பதை மட்டுமல்ல. இந்தச் சட்டத்தை இயற்றிய முறை சரியா என்பதையும் பார்க்கணும். சபை மக்கள் முன்னிலையில் கூட வேண்டும், சட்டம் இயற்றும் வேலையிலும் குழுக்களின் வேலையிலும் மக்கள் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்பது 196-ஆவது பிரிவு. நிதி விஷயங்களில் வெளிப்படைத்தன்மையும் மக்கள் பங்கேற்பும் வேண்டும் என்பது 201-ஆவது பிரிவு.

இப்போ கியாம்புவுக்கு வருவோம். தலைநகர் நைரோபிக்கு ஒட்டியே இருக்கும் கவுண்டி அது. தேயிலையும் காபியும் விளையும் இடம். சபை தொடங்கிய முதல் வருஷமே, 2013-இல், நிதிச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். புதிய வரிகளையும் கட்டணங்களையும் எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். "எங்களை யாரும் கேட்கவே இல்லை" என்பது அவர்கள் வாதத்தின் மையம்.

விசாரித்தவர் நீதிபதி ஓடுங்கா. 2014-இல் வந்த அந்தத் தீர்ப்பை அறிவிப்பு எழுதுகிற எல்லாரும் ஒருதடவை படிக்கணும். பெரும்பாலான மக்களுக்கு நாளிதழ் வாங்குவதே ஆடம்பரமாக இருக்கும் நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கும் நாட்டில், ஒருநாள் நாளிதழ் விளம்பரம் மக்கள் கருத்தைக் கேட்கப் போதாமல் போகலாம் என்றார் அவர். ஒரு ட்வீட்டைப் போட்டுவிட்டு, வேண்டியவர்கள் தேடிப் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விடுவதும் போதாது என்றார். தேவாலயம், மசூதி, கோயில், பராசா எனப்படும் ஊர்க்கூட்டம், தேசிய வானொலி, வட்டார மொழி வானொலி என்று எத்தனை வழி இருக்கோ அத்தனையையும் பயன்படுத்தி மக்களைக் கூப்பிடணும், வாங்க என்று வற்புறுத்தியே கூப்பிடணும் என்பது அவர் நிலைப்பாடு. இவ்வளவும் வெறும் அறிவுரையாக நின்றுவிடவில்லை. கியாம்பு நிதிச் சட்டம் 2013 அரசியலமைப்புக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பானது.

இது காற்றில் வந்த யோசனையும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2006-லேயே, மக்கள் பங்கேற்புக்கு வழிசெய்யவில்லை என்ற காரணத்துக்காகச் சுகாதாரம் தொடர்பான சட்டங்களைச் செல்லாதென்று சொல்லியிருந்தது. கென்யாவின் சொந்தக் கவுண்டி அரசுகள் சட்டமும் தொலைக்காட்சி, இணையதளம், சமுதாய வானொலி, பொதுக்கூட்டம் என்று தகவல் போகும் வழிகளைப் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கு.

ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் தட்டி ஒவ்வொருத்தர் சொன்னதையும் ஏற்கணும் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் ஒரு வரியும் போட முடியாது, யார்தான் வரியை வேண்டும் என்பார்கள்? நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்தீர்களா, கூப்பிட்ட விதத்தில் மக்களுக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. 2019-இல் கென்ய உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில், பங்கேற்பு சடங்காக இருக்கக் கூடாது, உண்மையாக இருக்கணும் என்று சொன்னது.

இன்று கென்யாவில் ஒரு கவுண்டிக் குழுவின் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், மக்கள் பங்கேற்புக்கென்று ஒரு பகுதி வழக்கமாக இருக்கும். எந்த நாளில் எப்படி அறிவித்தோம், எங்கெங்கே கூட்டம் நடத்தினோம், யார் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் அதில் வரும். அதில் சிலது கணக்குக் காட்டுவதற்காக எழுதினது மாதிரியும் இருக்கும், உண்மையைச் சொல்லணும். ஆனாலும் எழுதித்தான் ஆகணும் என்ற நிலை வந்திருக்கு. ஆளுநர் கையெழுத்துக்கு வரும் மசோதாவை 14 நாளுக்குள் அவர் ஏற்கலாம், அல்லது குறிப்பெழுதித் திருப்பி அனுப்பலாம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு சபை அதை மீறவும் முடியும். ஆளுநரைச் சபை மீறலாம், ஆனால் மக்களைக் கேட்காமல் விட்டதை எத்தனை ஓட்டு போட்டாலும் சரிசெய்ய முடியாது.

நம்ம பக்கம் அமைப்பு வேறு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபைக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், முந்தைய ஆண்டுத் தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் தருவதும் உண்டு. அதாவது கென்யாவில் குழு உறுப்பினர்கள் உட்காரும் நாற்காலியில் இங்கே நீங்களே உட்காரலாம். 2022-இலிருந்து வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்டோரா போடுவதும் அதே 2022-இல் நிறுத்தப்பட்டு, ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்துவிட்டது. அது நல்ல முடிவு. ஒரு மனிதரைப் பறையடிக்க வைத்துத்தான் செய்தி சொல்லணும்னு இல்லை.

அன்றைக்கு வகுப்பில் ஒரு வார்டு உறுப்பினர் அக்கா எழுந்து, "அறிவிப்பில் என்ன எழுதினால் சனம் வரும், அதைச் சொல்லு தங்கச்சி" என்றார். நான் என் அனுபவத்தைச் சொன்னேன். "பொருள்: வரவுசெலவு" என்று எழுதினால் யாரும் வருவதில்லை. "வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், எந்தத் தெருவுக்கு லைட்டு" என்று எழுதினால் நாலு பேராவது கூடுதலாக வருகிறார்கள். கூட்டத்துக்கு வந்தவர் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே வாசித்துக் காட்டினால், அடுத்த தடவை அவரே இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

அந்தக் கதவு விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தோம். இப்போ டீக்கடைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அம்மாச்சி போனாங்க. ராத்திரி போன் பண்ணி, "கணக்கை வாசிச்சாங்க, ஆனா பஸ் கிளம்பப் போற மாதிரி வாசிச்சாங்க, ஒண்ணும் புரியலை. மெதுவா வாசிக்கச் சொல்லி நீ எழுத முடியுமா?"ன்னு கேட்டாங்க. அதை எந்த அறிவிப்பில் எழுதுவதென்று இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.