தலைப்பு போதாது, கேள்வி வேண்டும்
(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





சட்டத்தில் ஆய்வுப் படிப்பு பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் போலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்து, பினாங்கில் வாப்பாவின் மளிகைக் கடையை நடத்துகிறவன். படிப்பவள் என் தங்கை. செலவு செய்பவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

சட்டப் பட்டம் பெற்ற தங்கை, ஆய்வு வழி முதுநிலைச் சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள். "அதை முடித்தால் கோர்ட்டில் நிற்கலாமா? சம்பளம் கூடுமா?" என்று கேட்டேன். "வக்கீல் ஆவதற்கு வழி வேறு, நானா. சம்பளம் அல்லாஹ் கையில்" என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை.

பாடவழிப் படிப்பில் வகுப்பு உண்டு, தேர்வு உண்டு. ஆய்வு வழியில், ஒரே கேள்விக்கு மேற்பார்வையாளர் துணையோடு விடை தேடி ஆய்வேடு எழுத வேண்டும். 'வக்ஃபு சட்டம்' என்று அவள் எழுதிக் கொடுத்தது திரும்பி வந்தது. "இது தலைப்பு. கேள்வி எங்கே?" என்றார்களாம். இது வியாபாரிக்குப் புரியும். "சரக்கு வேண்டும்" என்றால் மொத்தக் கடைக்காரர் என்ன கொடுப்பார்? எந்தச் சரக்கு, எத்தனை மூட்டை என்று சொல்ல வேண்டாமா?

கேள்வி எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. ஒரு கடைவீட்டின் வாடகை பிள்ளைகளுக்கு, அவர்கள் வழி அற்றுப்போனால் ஏழைகளுக்கு என்று பாட்டனார் எழுதிவைத்திருந்தார். அது வக்ஃபா, வாரிசுச் சொத்தா? இந்தத் தகராறில் பெரியவாப்பா வீட்டார் பெருநாளைக்குக்கூட எங்கள் வாசலுக்கு வருவதில்லை.

தங்கை தேடியதில் ஒரு வரலாறு கிடைத்தது. 1892-இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதி அமீர் அலி, குடும்பத்துக்குச் செய்யும் வக்ஃபும் தர்மமே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1894-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அபுல் பதா வழக்கில் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஏழைகளின் பங்கு பெயரளவுக்கே இருந்தால் அந்த வக்ஃபு செல்லாது என்றது. ஆனால் அமீர் அலியின் ஆய்வு வீணாகவில்லை. ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-இல் சட்டமாகி, இந்தியாவில் குடும்ப வக்ஃபை மீட்டது. நமது நீரிணைக் குடியேற்றங்களோ 1867-லேயே இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தவை. அந்தச் சட்டம் இங்கே வரவில்லை. இன்று மலேசியாவில் வக்ஃபு மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. அப்படியானால் காலனி காலத்துக் குடும்பப் பத்திரங்களை எப்படிப் படிப்பது? இதுதான் அவள் கேள்வி.

மாணவர்களே, விண்ணப்பிக்கும் முன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்தத் துறையில் எழுதியிருக்கும் பேராசிரியரைத் தேடுங்கள். நம் பழைய பத்திரங்கள் தமிழிலும் அரபுத்தமிழிலும் ஜாவியிலும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க நம் பிள்ளைகள் முன்வராவிட்டால் யார் வருவார்? பெரியவர்களே, பெட்டியில் இருக்கும் காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

போன மாதம் பெரியவாப்பா மகன் தம்மிடமிருந்த பத்திர நகலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி படிக்கட்டும்" என்றார். தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் அன்று எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

இனி செலவுக் கணக்கை நான் கேட்கமாட்டேன். துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.