கடிகாரங்கள் ஏன் ஒத்துப்போவதில்லை



வேகமாகப் பயணம் செய்யும் கடிகாரம் மெதுவாக நடக்கும். உயரத்தில் இருக்கும் கடிகாரம் சற்று விரைந்து நடக்கும். இயற்பியல் மாணவர்கள் இதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள், மற்றவர்கள் ஏதாவது சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இதைக் கேட்டதும் பலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: காலமே ஆளுக்கொன்று என்றால் எல்லாமே சார்புதான், உறுதியானது எதுவுமில்லை என்று. சான்றுகள் இதற்கு நேர்மாறான இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன என்பதே நான் சொல்ல வந்தது. கடிகாரங்கள் வேறுபடுவது உண்மை. ஆனால் எவ்வளவு வேறுபடும் என்பதில் இயற்கை யாருக்கும் எந்தச் சலுகையும் தருவதில்லை.

1971 அக்டோபரில் ஜோசப் ஹாஃபலே, ரிச்சர்ட் கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள், ஒருமுறை கிழக்காக, ஒருமுறை மேற்காக. கடிகாரத்துக்கு ‘மிஸ்டர் கிளாக்’ என்று டிக்கெட் எடுத்து இருக்கையில் வைத்துக் கட்டினார்கள். செலவில் பெரும்பங்கு விமானக் கட்டணம்தான். திரும்பி வந்து வாஷிங்டன் கடற்படை வானாய்வகக் கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது, கிழக்கே போனவை 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன, மேற்கே போனவை 273 நானோ நொடி முந்தியிருந்தன. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொன்னது 40 பின்னடைவு, 275 முந்தல். உயரம் இரண்டு பயணங்களிலும் கடிகாரத்தை விரைவுபடுத்தியது. திசையால் வந்த வேறுபாட்டுக்குக் காரணம், தரையில் இருந்த கடிகாரமும் சும்மா நிற்கவில்லை என்பதுதான். பூமியோடு சேர்ந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே பறந்தது அந்த ஓட்டத்தோடு தன் வேகத்தையும் கூட்டிக்கொண்டது, மேற்கே பறந்தது கழித்துக்கொண்டது. ‘நான் ஓடுவதாக நீ சொல்கிறாய், நீ ஓடுவதாக நான் சொல்கிறேன், இதில் யார் கடிகாரம் மெதுவானது?’ என்ற பழைய வாதம் இங்கே எடுபடாது. வெவ்வேறு பாதைகளில் போன கடிகாரங்கள் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஒரே இடத்தில் வந்து கூடின; எது பின்தங்கியது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

கடிகாரமே பழுதாகியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்டவர் லேசுப்பட்டவர் அல்ல. 1955இல் ஜாக் பாரியோடு சேர்ந்து, நம்பி நேரம் பார்க்கக்கூடிய முதல் சீசியம் கடிகாரத்தைச் செய்த பிரிட்டன்காரர் லூயி எஸ்ஸன் சார்பியலை ஏற்கவில்லை, இந்தச் சோதனையையும் ஏற்கவில்லை. அவர் ஐயத்தில் நியாயமும் இருந்தது: பயணத்தின் நடுவே அந்தக் கடிகாரங்கள் தம் நடையை அவ்வப்போது மாற்றிக்கொண்டன. எஸ்ஸனின் புகழோ ஐன்ஸ்டைனின் புகழோ இதைத் தீர்க்கவில்லை, இன்னும் துல்லியமான அளவீடுதான் தீர்த்தது. 1977 ஜூனில் அமெரிக்கா ஏவிய என்டிஎஸ்-2 செயற்கைக்கோளில் சார்பியல் திருத்தத்துக்கென்று ஒரு கருவி இருந்தது. திருத்தம் தேவைதானா என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்ததால் முதல் 20 நாட்கள் அதை அணைத்தே வைத்தார்கள். கடிகாரம் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்தியது. கணக்கிட்டதும் ஏறத்தாழ அதுவே. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். ஒளிவேகத்தில் வரும் வானொலி அலைகளின் பயண நேரத்தை வைத்தே இடம் காட்டும் ஜிபிஎஸ், இந்தக் கணக்கை உள்ளே வைத்துத்தான் ஓடுகிறது.

உயரத்தால் வரும் விரைவு ஈர்ப்பின் விளைவுதான்; ஆனால் வேகத்தையும் ஈர்ப்பையும் தனித்தனிப் பாடமாக நடத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. ஐன்ஸ்டைனே அதில் மாட்டினார். நிலநடுக்கோட்டில் இருக்கும் கடிகாரம் துருவத்தில் இருப்பதைவிட மெதுவாக நடக்கும் என்று 1905இல் எழுதினார், நடுக்கோடு வேகமாகச் சுழல்கிறது என்பதால். ஈர்ப்பின் பங்கு அப்போது அவர் கையில் இல்லை. நடுக்கோட்டில் பூமி பருத்திருப்பதால் அங்கே கடல்மட்டம் மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் அதிகத் தொலைவில் இருக்கிறது. வேகம் எடுத்துக்கொள்வதை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கடல்மட்டத்தில் எந்த ஊரிலும் கடிகாரம் ஒரே நடைதான். அதே சமயம் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் ஒரு நல்ல கடிகாரம் சென்னைக் கடிகாரத்தைவிட நாளுக்குச் சுமார் 21 நானோ நொடி முந்தும்.

இவ்வளவு சிறிய எண்ணால் என்ன ஆகப்போகிறது என்பீர்கள். 2010இல் கொலராடோவின் போல்டர் நகரில் ஓர் ஒளியியல் கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியே வேறுபாட்டை அளந்துவிட்டார்கள். 1967 முதல் சீசியத்தை நம்பி நிற்கும் நொடியின் வரையறையை இத்தகைய ஒளியியல் கடிகாரங்களுக்கு மாற்றும் பேச்சு இப்போது நடக்கிறது. மாறினால், இரண்டு நாடுகளின் கடிகாரங்களை ஒப்பிட அவை நிற்கும் உயரம் சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரிய வேண்டும். பல நாடுகள் தத்தம் துறைமுகத்துக் கடல்மட்ட அளவியை வைத்துத்தான் பூஜ்ய உயரத்தைக் குறித்திருக்கின்றன, அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆகவே இது இயற்பியலாளர்கள் மட்டும் முடிக்கிற வேலை அல்ல. நில அளவையும் கடலியலும் படித்து இன்று பட்டம் வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.