என்றைக்கிருந்து இப்படி?

"காலங்காலமாக இப்படித்தான்" என்று நாம் சொல்லும் வழக்கங்கள் பல. 1926 முதல் 1984 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ அந்தப் பேச்சை அப்படியே ஏற்கமாட்டார். என்றைக்குத் தொடங்கியது, எதனால் தொடங்கியது என்று பழைய ஏடுகளைப் புரட்டுவார்.

சிறைச்சாலை பற்றி 1975-இல் ஒரு நூல் எழுதினார். 1757-இல் மன்னரைக் கத்தியால் குத்திய தாமியேன் என்பவனைப் பாரிஸ் நகரில் ஊரார் முன்னிலையில் குதிரைகள் பூட்டி இழுத்துக் கொன்றார்கள். 1838-இல் அதே நகரின் இளங்கைதிகளுக்கு எழுதிய விதிகளிலோ ஒரு கால அட்டவணை: கோடையில் 5 மணிக்கு நாள் தொடங்கும், நாளுக்கு 9 மணி நேரம் வேலை.

மனிதர் மனம் இளகியதே காரணம் என்பார்கள். ஃபூக்கோ அதோடு நிற்கவில்லை. அதிகாரம் போய்விடவில்லை, அதன் வழிதான் மாறியது என்றார். வதைப்பதற்குப் பதிலாக ஆளைக் கவனிப்பது, குறித்துவைப்பது, பழக்குவது. அந்தக் குறிப்புகளிலிருந்தே மனிதரைத் தரம்பிரிக்கும் அறிவும் வளர்ந்தது. மணி, வரிசை, தேர்வு, பதிவேடு எனப் பள்ளிக்கூடத்திலும் இதே முறையைக் காட்டினார்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஒரு பையனின் பதிவேட்டில் 'மந்தம்' என்று எழுதியவன் நான். அடுத்து வந்த ஆசிரியர்கள் பையனைப் பார்க்குமுன் அந்தச் சொல்லைப் பார்த்தார்கள். பையனும் அதையே நம்பிவிட்டான்.

பெற்றோர்களே, பதிவேடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் எழுதப்பட்டால், யார் எழுதினார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார் என்று கேளுங்கள். மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம்.